கரகரப்பில் பிறக்கும் காந்தாரம்

உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் விமான நிலையம் இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது, வடக்கே காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறது. லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், தட்டாஞ்சாவடி என்று பரந்து கிடக்கும் இந்தக் குடியிருப்புகளில், தமிழ் பேசும் எந்த ஊரையும் போலவே, ஒரு மடிக்கணினி, ஒரு ஹெட்ஃபோன், இரண்டு ஸ்தாயி நீளமுள்ள ஒரு கீபோர்டு ஆகியவற்றோடு வீட்டுக்குள்ளேயே இசை செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எலக்ட்ரானிக் இசையில் இறங்கியவர்களிடம் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். கணினி அவர்களுக்குக் கேட்டவுடன் தருவது மாசில்லாத ஒலி. அவர்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தேடுவதோ மாசுள்ள ஒலி: உறுமல், கரகரப்பு, பழைய டேப்பின் இரைச்சல், சூடேறிய சிந்தசைசரின் சுருதித் தள்ளாட்டம்.

இதை வெறும் தொழில்நுட்ப ஆசை என்று தள்ளிவிட முடியாது. நாதத்தைத் தெய்வத்தோடு சேர்த்து நினைக்கும் மண் இது. அந்த நாதத்தில் தெரிந்தே அழுக்கைச் சேர்ப்பது எத்தகைய செயல்? அந்த அழுக்கையும் ஒரு மென்பொருள் போலியாகச் செய்து தருகிறதென்றால், அது பொய்க்குமேல் பொய் ஆகிவிடாதா? அப்படிப் பிறந்த ஒலியை வழிபாட்டுக்குக் கொண்டுபோகலாமா? கேள்விகள் பெரியவை. அவற்றுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டி நிற்கிறது.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-இல் டிபி-303 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்கு, பக்கத்தில் ஒருவர் பேஸ் கிட்டார் வாசிப்பதுபோல் துணை கொடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் அந்த ஒலியைக் கேட்ட யாரும் அதை பேஸ் கிட்டார் என்று நம்பவில்லை. 1984-இல் உற்பத்தி நின்றுபோனது. பெட்டிகள் பழைய பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழுவினர் அவற்றில் ஒன்றை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபில்டர் குமிழ்களைத் திருகினார்கள். பெட்டி கத்தியது, குழைந்தது, கொப்பளித்தது. 1987-இல் வந்த 'ஆசிட் டிராக்ஸ்' என்ற அந்தப் பதிவு ஓர் இசை வகைக்கே பெயர் கொடுத்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மும்பையில் ஒருவர் இதைச் செய்துவிட்டார். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை இணைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். பூபாலி, யமன், மால்கௌன்ஸ், கலாவதி முதலான ராகங்கள். நம் காதுக்கு மோகனம், கல்யாணி, இந்தோளம், வலஜி. இசைத்தட்டு அன்று விலைபோகவில்லை. 2010-இல் நெதர்லாந்திலிருந்து மறுவெளியீடு கண்ட பிறகுதான் உலகம் வியந்தது. 2015-இல் அவர் காலமானார். அவருடைய காது எதைப் பிடித்தது என்பது கேட்டால் புரியும். டிபி-303-இல் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அது தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். பேஸ் கிட்டாராக ஆக முடியாமல் தோற்ற கருவிக்குள், ராகம் நகர இடம் இருந்திருக்கிறது.

பேஸ் கிட்டாரைப் போலிசெய்த பெட்டி அது. இன்று வீட்டு அறைகளில் ஓடும் மென்பொருள்கள் அந்தப் பெட்டியைப் போலிசெய்கின்றன. போலியின் போலி. ஆனாலும் அந்த உறுமலைக் கேட்டு உடல் சிலிர்ப்பது நிஜம்.

வீட்டில் அதை மறுபடி உண்டாக்கப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற நல்ல மென்பொருள் சிந்தசைசர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே ஓர் ஆசிலேட்டர் போதும்; அலை சா-டூத். அதை லோ-பாஸ் ஃபில்டருக்குள் விட்டு, கட்-ஆஃபைக் கீழே இறக்கி, ரெசனன்ஸை ஃபில்டர் தானே விசிலடிக்கத் தொடங்கும் விளிம்புவரை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஃபில்டர் ஒருமுறை திறந்து மூட வேண்டும். சில சுரங்களுக்கு மட்டும் அழுத்தம், சிலவற்றுக்கு மட்டும் வழுக்கல். கடைசியில் டிரைவ், அதாவது ஒலியைக் கசக்கும் குமிழ். இந்த டிரைவை ஃபில்டருக்கு முன்னால் வைத்தால் கரகரப்பு உருண்டு தணிந்து வரும். பின்னால் வைத்தால் தோலை உரிக்கும். சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிநாதத்தைத் தனியாகப் பிரித்துச் சுத்தமாக விட்டுவிட்டு, மேலே உள்ளதை மட்டும் கசக்குவது அனுபவப்பட்டவர்கள் வழி. இல்லையென்றால் அடித்தளமே கலங்கிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஏதோ குறையும். பழைய அனலாக் கருவிகளில் சூடு ஏற ஏற சுருதி நகர்ந்தது. அவற்றைச் செய்த பொறியாளர்கள் அதைத் தடுக்கப் படாதபாடு பட்டார்கள். இன்றைய மென்பொருளில் அந்தத் தடுமாற்றத்துக்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது, 'டிரிஃப்ட்' என்ற பெயரில். 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் 12 பிட் ஆழத்தில், நொடிக்கு சுமார் 26,000 முறை மட்டுமே ஒலியை அளந்தது. அதனால் உயர்ந்த அதிர்வுகளில் சில தொலைந்துபோகாமல் மடங்கிக் கீழே விழுந்து, இல்லாத ஒலிகளாகத் தலைகாட்டின. அந்தக் குறையையும் இன்று விரும்பி வரவழைக்கிறார்கள். செய்த ஒலியை ஒரு மலிவான ஸ்பீக்கரில் ஓடவிட்டுச் செல்பேசியில் மறுபதிவு செய்து, அதையே பாட்டுக்குள் கலப்பவர்களும் உண்டு. இந்த வழி எந்தப் பிளக்-இன்னுக்கும் சளைத்ததில்லை: ஒலி ஒரு நிஜ அறையின் காற்றைத் தொட்டுவிட்டு வருகிறது.

இங்கேதான் ஒரு சோதனையைச் செய்துபார்க்கச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு கட்டைச் சுருதியின் சட்ஜம், ஏறத்தாழ 130.8 ஹெர்ட்ஸ். அதை ஒரு சுத்தமான சைன் அலையாக எழுப்புங்கள். அதில் சட்ஜம் தவிர வேறெதுவும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் காது சலித்துவிடும். இப்போது அதன் மேல்முனையும் கீழ்முனையும் சமமாக வெட்டுப்படும் அளவுக்கு டிரைவை ஏற்றுங்கள். ஒலி கரகரக்கும். திரையில் அதிர்வெண் வரைபடத்தைப் பார்த்தால் புதிய கோடுகள் எழுந்து நிற்கும். மூன்றாம் மடங்கு 392 ஹெர்ட்ஸ், அது பஞ்சமம். ஐந்தாம் மடங்கு 654. அது அந்தர காந்தாரம். ஏழாம் மடங்கு 916-ஐ ஒட்டி, எந்த நிஷாதத்துக்குள்ளும் சரியாக அடங்காமல் நிற்கும். யாரும் வாசிக்காத சுரங்கள் இவை. உள்ளே போனது ஒரே ஒரு சட்ஜம். கசங்கியதால் பஞ்சமமும் காந்தாரமும் வந்தன.

தம்புராவின் முன் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி ஆகாது. தந்திகளில் பஞ்சமமும் சட்ஜமும்தான் கூட்டப்படுகின்றன. சுருதி கூடி நிற்கும்போது காந்தாரம் தானே எழுகிறது. சுயம்பு காந்தாரம் என்று அதைச் சொல்வார்கள். அது எழுவதற்குக் குதிரையின் மேல் தந்திக்கடியில் ஒரு நூல் வேண்டும். ஜீவா என்று வித்வான்கள் சொல்லும் அந்தப் பஞ்சு நூலை மயிரிழை நகர்த்தி நகர்த்தி, தந்தி குதிரையின் வளைவில் உரசியும் உரசாமலும் அதிரும் ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். உரசலால் வரும் அந்த ரீங்காரம் இல்லாவிட்டால் தம்புரா ஊமை.

சர் சி.வி. ராமன் இதன் இயற்பியலைத் தேடிப் போனார். தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசைவற்றிருக்க வேண்டிய மேல்சுரங்கள் கேட்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒலியியல் வகுத்த விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று 1921-இல் அவர் காட்டினார். கேட்கக் கூடாத மேல்சுரங்கள் வலுவாகவே கேட்டன. வளைந்த குதிரையில் தந்தி உரசுவதே காரணம். வீட்டு அறையில் டிரைவ் குமிழ் செய்வதும், ஜீவா நூல் செய்வதும் பாதையில் வேறானாலும் பலனில் உறவுள்ளவை. இரண்டிலும் உரசல் புதிய சுரத்தைப் பிறப்பிக்கிறது.

மிருதங்கத்துக்கு வந்தால் கதை இன்னும் கெட்டியாகிறது. வலந்தலையின் நடுவில் கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்துக் கரணை வைக்கிறார்கள். அதோடு முடிவதில்லை. கப்பி மிருதங்கம் என்றால் தோல்களுக்கு இடையில் சன்னமான கல் துகள்களை இடுவார்கள். குச்சி மிருதங்கம் என்றால் சின்னச்சின்னக் குச்சித் துண்டுகளைச் செருகுவார்கள். அடி விழும்போது அவை அதிர்ந்து, நாதத்தின் ஓரத்தில் ஒரு கரகரப்பைத் தருகின்றன. எந்த வித்வானுக்கு எவ்வளவு வேண்டும் என்பது வாத்தியம் செய்பவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான நீண்ட பேச்சு. இசைக்குள் கல்லைப் போடுவது சிகாகோவில் தொடங்கிய பழக்கமல்ல.

ஆக, அழுக்கு சேர்ப்பது அபசாரம் என்ற வாதம் நம் வாத்தியங்களின் முன்னாலேயே நிற்காது. ஆனால் வழிபாட்டுக் கேள்வி அத்தனை எளிதில் தீராது.

1946-இல் நியூயார்க்கில் அகமதாபாதைச் சேர்ந்த கீதா சாராபாய், ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார். அவரிடம் மேற்கத்திய இசை கற்றார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தை அமைதிப்படுத்தி அதைத் தெய்விகத்தின் தொடுகைக்குத் தயாராக்குவதற்காக என்று தன் குரு சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார். கேஜின் வாழ்க்கையைத் திருப்பிய பதில் அது. முன்பே இரைச்சலை இசைக்குள் அழைத்திருந்த கேஜ், பின்னாளில் மௌனத்தையும் அழைத்துவந்தார். 1969-இல் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், கேஜின் நண்பர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். அங்கே எலக்ட்ரானிக் ஒலிகளோடு வேலை செய்தவர்களில் கீதா சாராபாயும் ஒருவர். அங்கே பதிவான நாடாக்கள் பல்லாண்டுகள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. மனத்தை அமைதிப்படுத்துவதே இசை என்று சொன்னவரின் கை, உறுமும் கருவியைத் தொடத் தயங்கவில்லை.

புதுச்சேரிக்கு இதில் சொந்தமாக ஒரு பதில் உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் ஆன்மிகத் தலைவியான அன்னை, மின் ஆர்கனில் எந்த எழுத்துக்குறிப்பும் இல்லாமல் வாசித்தார். அவை நாடாவில் பதிவாகியிருக்கின்றன. ஆசிரமப் பள்ளியில் ஆசிரியராக இருந்த சுனில் பட்டாச்சார்யா, 1960-களிலிருந்து 1998-இல் மறையும் வரை, ஆசிரமத்தின் புத்தாண்டு இசையையும் ஸ்ரீ அரவிந்தரின் 'சாவித்திரி' காவியத்துக்கான இசையையும் அமைத்தார். மின் ஆர்கனும் சிந்தசைசரும் அவருக்கு அந்நியப் பொருள்கள் அல்ல. இந்த வழியில் இசையின் மதிப்பு அது எந்த உயரத்திலிருந்து இறங்கி வருகிறது என்பதைப் பொறுத்தது. கருவி ஒரு வாய்க்கால். தண்ணீர் மேலிருந்து வருமானால், வாய்க்கால் தந்தியா மின்சாரமா என்பது இரண்டாம் பட்சம்.

அழகான பதில்தான். ஆயினும் இதில் கரகரப்புக்கு வேலை இல்லை. வாய்க்காலின் சேறு தண்ணீருக்கு எதையும் கூட்டுவதில்லை, பொறுத்துக்கொள்ளப்படுகிறது, அவ்வளவுதான். காந்தாரத்தைப் பெற்றுத்தந்த உரசலுக்கு இது போதாத மரியாதை.

இன்னொரு பதில் இதே வட்டாரத்து மண்ணில் பிறந்தது. சைவ சித்தாந்தத்தின் மூலநூலைத் தந்த மெய்கண்டார் வாழ்ந்தது திருவெண்ணெய்நல்லூரில். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார், பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருத்துறையூரோடு சேர்த்துச் சொல்லப்படுபவர். சித்தாந்தத்தில் உயிரைப் பற்றியிருக்கும் அழுக்குகள் மூன்று: ஆணவம், கன்மம், மாயை. ஆணவம் செம்பில் களிம்புபோல் தொடக்கமின்றி உயிரோடு ஒட்டியது. மாயையும் அழுக்குதான், ஆனால் உடலும் பொறிகளும் உலகமும் அதிலிருந்தே வருகின்றன, விடியும்வரை விளக்காக உதவுகின்றன. அருணந்தி தம் சிவஞான சித்தியாரில் ஒரு சலவைத் தொழிலாளியைக் காட்டுகிறார். அழுக்குத் துணியில் அவர் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுகிறார். பார்ப்பவருக்கு மேலும் அழுக்காக்குவதுபோல் தோன்றும். கடைசியில் எல்லாம் சேர்ந்து கழன்றுபோகின்றன. இறைவன் மாயையைக் கூட்டி மலத்தைக் கழிப்பதும் அப்படித்தான் என்கிறார்.

ஒலியைப் பற்றிய சித்தாந்தப் பார்வை இதைவிட முக்கியம். தத்துவங்கள் முப்பத்தாறில் முதலில் தோன்றுவது நாதம். அது தோன்றும் இடம் சுத்த மாயை. அதாவது, மிகத் தூய நாதமும் மாயையின் விளைவே. இறைவன் நாதத்தின் முடிவையும் கடந்தவன். இதைக் கருத்தில் கொண்டால் தொடக்கத்துக் கேள்வியின் வடிவமே மாறிவிடுகிறது. சைன் அலை தெய்வத்துக்குப் பக்கத்தில், டிபி-303 தூரத்தில் என்று வரிசை போட முடியாது. இரண்டும் உலகப் பொருள்கள், இரண்டும் கருவிகள். கேட்பவரின் மனத்தில் ஒட்டியிருப்பதை எது அசைக்கிறது என்று மட்டுமே கேட்க முடியும். சலிப்பூட்டும் தூய்மையால் அசையாத மனம், உறுமலில் ஒளிந்திருந்து எழும் பஞ்சமத்தால் அசையலாம். அப்போது அந்த உறுமல் உவர்மண்ணின் வேலையைச் செய்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவானதும்கூட. பழைய கருவியின் தள்ளாட்டம் அதுவாக வந்தது. சூடும் வயதும் கொடுத்தது. 'டிரிஃப்ட்' குமிழ் தருவது கணக்கிட்டுத் தூவிய தள்ளாட்டம். இயல்பாக வந்த களிம்பும், பழைமை தோன்றப் பூசிய களிம்பும் ஒன்றா? சிலைக் கடைகளில் புதிய செம்பைப் பழையதாகக் காட்டி விற்பதை நாம் மோசடி என்றுதானே சொல்கிறோம்?

கப்பிக் கற்களும் யாரோ இட்டவைதான். தானாக முளைத்தவை அல்ல. ஜீவா நூலும் கையால் செருகியதே. ஆகவே வேண்டுமென்றே செய்ததா என்பது அளவுகோலாக முடியாது. இட்ட பிறகு என்ன நடந்தது என்பதே அளவுகோல். மிருதங்கம் செய்பவர் கல் துகளை இட்டுவிட்டு எழுந்துபோய்விடுவதில்லை. தட்டிப் பார்க்கிறார், எடுக்கிறார், மறுபடி இடுகிறார், வாசிப்பவர் கையில் கொடுத்துக் கேட்கிறார். நூலை நகர்த்துபவர் காந்தாரம் எழும்வரை நகர்த்துகிறார், எழுந்ததும் நிறுத்துகிறார். அந்த நிறுத்தம்தான் அவருடைய கலை. வீட்டு அறையில் டிரைவ் குமிழைப் பிடித்திருக்கும் விரலுக்கும் இதே கடமை உண்டு. யாரோ தயாரித்துக் கொடுத்த பிரிசெட்டைத் தட்டிவிட்டு, கரகரப்பு வந்தது போதும் என்று நகர்பவர் பூசிய களிம்பை விற்கிறார். பாட்டு கேட்கும் இடத்தில், கேட்கும் அளவில் அந்தக் குமிழைக் காதால் தேடி நிறுத்துபவர் ஜீவா நூலைச் சரிசெய்பவரின் வழித்தோன்றல். இரண்டு பேரும் ஒரே மென்பொருளை வைத்திருக்கலாம்.

இதன் எதிர்ப்புறத்தை நம் கோயில்களிலேயே பார்க்கலாம். தீபாராதனை நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றி, கம்புகள் முரசில் அடித்து, மணி ஒலிக்கும் மின்சார மேளம் எத்தனையோ சின்னக் கோயில்களுக்கு வந்துவிட்டது. அதன் ஒலியில் கரகரப்புக்குப் பஞ்சமே இல்லை. உலோகமும் தோலும் நிஜமாகவே மோதுகின்றன. சிந்தசைசரைப் போல அது எதையும் போலிசெய்யவும் இல்லை. ஆனாலும் மனம் ஒட்டுவதில்லை. திரை விலகுவதை அது பார்ப்பதில்லை; கற்பூரம் ஏறி இறங்குவது அதற்குத் தெரியாது; அர்ச்சகர் தாமதித்தால் தாமதிக்காது. வாசிப்பவரும் இல்லை, கேட்டுச் சரிசெய்பவரும் இல்லை. மின்சாரத்தின் மேல் குற்றமில்லை. பெங்களூரில் ஜி. ராஜ்நாராயண் தொடங்கிய ரேடல் போன்ற நிறுவனங்களின் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு எத்தனையோ வித்வான்கள் கண்ணீர் வரப் பாடியிருக்கிறார்கள். அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு காது இருக்கிறது. மோட்டார் மேளத்துக்குப் பக்கத்தில் அது இல்லை. அதோடு, அந்த இயந்திரம் வந்த இடங்கள் பலவற்றில் ஒரு நாகஸ்வரக்காரரும் ஒரு தவில்காரரும் தங்கள் வேளைச் சம்பளத்தை இழந்திருக்கிறார்கள். சீவாளியை உதட்டில் நனைத்து, அன்றைய காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மூச்சை மாற்றிய ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு வாங்கிய சத்தம் அது.

கரகரப்பான சிந்த் ஒலி வழிபாட்டுக்கு ஆகுமா என்றால், ஆகும். அதைச் செய்தவர் கேட்டுச் செய்திருந்தால், கேட்பவர் மனத்தை அது அசைத்தால், ஆகும். கேட்க ஆளில்லாத முரசு, எத்தனை பழைய தோலால் போர்த்தியிருந்தாலும், ஆகாது.

உழவர்கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். வாரத்தில் ஒரு மாலைப் பூசைக்காவது இயந்திரத்தை அணைத்துவிட்டு, அருகிலுள்ள நாகஸ்வரக் கலைஞரையும் தவில் கலைஞரையும் உரிய சம்பளம் கொடுத்து அழையுங்கள். வீட்டில் இசை செய்யும் இளைஞர்கள் அன்று அங்கே போய் உட்கார வேண்டும். தவிலின் தொப்பியில் குச்சி இறங்கும்போது எழும் அதிர்வை, சீவாளியில் மூச்சு மாறும் கணத்தின் பிசிறை, கலைஞர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் செல்பேசியிலாவது பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், உங்கள் சிந்த்தின் டிரைவ் குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அந்தப் பதிவைப் பக்கத்தில் ஓடவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற்றிப் பாருங்கள்.